பேச்சு எங்கே சிக்குகிறதோ, அங்கிருந்து புத்தகத்தைத் தேடுங்கள்

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். ஆறு வருடம் வேலை பார்த்து, இப்போதுதான் டீம் லீடர் ஆகியிருக்கிறீர்கள். அப்ரைசலில் "வேலை நன்றாகச் செய்கிறீர்கள், கம்யூனிகேஷன்தான் போதாது" என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் மனைவியும் "ஆபீஸ்ல எப்படியோ, என்கிட்ட உங்களுக்குப் பேசத் தெரியல" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் சேர்த்து எந்தப் புத்தகம் படிக்கலாம் என்பது கேள்வி. புத்தகங்களைச் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்பே பதில் தெரியவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. உங்கள் அதிகாரி 'போதாது' என்று சொன்னது எதை? உங்கள் மனைவி சொன்னது எதை? இரண்டும் ஒரே குறையாக இருக்கலாம், வேறு வேறாகவும் இருக்கலாம். அது தெரிந்தால்தான் எந்தப் புத்தகம் என்று சொல்ல முடியும்.

நான் திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி அலுவலகங்களில் 11 வருடம் மெர்ச்சண்டைசராக, அதாவது பையருக்கும் (வாங்குபவருக்கும்) தொழிற்சாலைக்கும் நடுவில் ஆர்டரைப் பார்த்துக்கொள்கிறவராக இருந்தேன். அப்புறம் கடந்த 12 வருடமாகத் திருப்பூரிலும் கோவையிலும் கரூரிலும் மெர்ச்சண்டைசர்களுக்கும் புரொடக்‌ஷன் சூப்பர்வைசர்களுக்கும் இதே விஷயத்தில் பயிற்சி கொடுக்கிறேன். நான் சொல்லப்போவது அங்கே பார்த்ததும், அதற்காகப் படித்ததும்தான்.

நம் ஊரில் 'கம்யூனிகேஷன்' என்ற சொல்லே ஒரு குழப்பம். பலர் அதை ஆங்கிலம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்ரைசலில் எழுதுகிறவரும் சில நேரம் அந்த அர்த்தத்தில்தான் எழுதுகிறார். எட்டாவது வரை படித்த ஒரு கட்டிங் மாஸ்டரை எனக்குத் தெரியும். துணி குறைகிறதென்றால் எந்த ரோலில், எத்தனை கிலோ, இப்போது என்ன செய்தால் எத்தனை பீஸ் தப்பும் என்று மூன்று வாக்கியத்தில் சொல்லிவிடுவார். அவர் பக்கத்திலேயே நின்று, அதே விஷயத்தை நல்ல ஆங்கிலத்தில் கால் மணி நேரம் சொல்லியும் எதிரில் இருப்பவருக்குப் புரியவைக்க முடியாத பட்டதாரிகளையும் பார்த்திருக்கிறேன். எனவே முதலில் இதைப் பிரித்துக்கொள்ளுங்கள். தமிழில் பேசும்போது சிக்கல் இல்லை, ஆங்கிலத்தில் மட்டும் திணறுகிறீர்கள் என்றால் உங்களுக்கு வேண்டியது தொடர்புத்திறன் புத்தகமே இல்லை. ரேமண்ட் மர்ஃபியின் 'இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்' போதும். 1985 முதல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டுவரும் புத்தகம் அது. இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் பயிற்சி. தினம் ஒரு பாடம், பென்சிலோடு. வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை. தமிழிலும் அதே இடத்தில் சிக்குகிறீர்கள் என்றால் மேலே படியுங்கள்.

எனக்கு எங்கே சிக்கியது என்று சொல்கிறேன். 2004இல் ஒரு போலோ டி-ஷர்ட் ஆர்டர் என் பொறுப்பில் இருந்தது. பாடி துணிக்கும் காலருக்கும் ஷேடு ஒத்துவரவில்லை. சாயப்பட்டறையில் "ரீ-டையிங் பண்ணித் தந்துடறோம்ங்க, ரெண்டு நாள்" என்றார்கள். நான் அதை நம்பி, ஐரோப்பாவில் இருந்த பையருக்கு "எல்லாம் திட்டப்படி போகிறது" என்று மெயில் எழுதினேன். இரண்டு நாள் நான்காயிற்று, ஒன்பதாயிற்று. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சரியாகிவிடும், அப்போது சொல்ல வேண்டிய தேவையே இருக்காது என்று நினைத்தேன். கடைசியில் கப்பலைத் தவறவிட்டோம். சரக்கை விமானத்தில் அனுப்பினோம். அந்த ஆர்டரில் வந்திருக்க வேண்டிய லாபம் அந்தச் செலவிலேயே போயிற்று. பிறகு அந்தப் பையர் என்னிடம் போனில் சொன்னார்: "இரண்டாவது நாளே சொல்லியிருந்தால் பத்து நாள் தள்ளிக் கொடுத்திருப்பேன். அந்தக் கலர் எங்கள் கடைக்கு அடுத்த மாதம்தான் வேண்டும்." என் ஆங்கிலத்தில் அன்று எந்தக் குறையும் இல்லை. கெட்ட செய்தியை உரிய நேரத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பயிற்சிக்கு வருகிறவர்களிடம் "போன மாதம் எந்தப் பேச்சைத் தள்ளிப்போட்டீர்கள்?" என்று கேட்டால் அநேகமாக எல்லோரிடமும் இப்படி ஒரு கதை இருக்கிறது.

இந்த இடத்துக்கு நான் முதலில் எடுத்துக்கொடுப்பது அமெரிக்கப் புத்தகம் அல்ல, திருக்குறளின் அமைச்சியல். 64ஆவது அதிகாரம் முதல் 73 வரை, பத்து அதிகாரம், நூறு குறள். பள்ளியில் இனியவை கூறல் படித்திருப்போம், மதிப்பெண்ணுக்காக சொல்வன்மையும் படித்திருப்போம். ஆனால் இந்தப் பத்தையும் வரிசையாக, வேலைக்குப் போகிற ஒருவராகப் படித்துப் பாருங்கள். தன்னைவிட அதிகாரம் உள்ளவரிடம் தினமும் பேச வேண்டிய ஒருவருக்காக எழுதப்பட்டவை அவை. 638ஆவது குறள்: "அறிகொன்று அறியான் எனினும் உறுதி உழையிருந்தான் கூறல் கடன்." மேலே இருப்பவர் தானாகவும் அறியாதவர், சொல்பவரின் அறிவையும் தள்ளிவிடுகிறவர் என்றாலும், அருகில் இருப்பவர் உறுதியானதைச் சொல்லியே ஆகவேண்டும். சொல்வது விருப்பம் அல்ல, கடன். சரி, எப்படிச் சொல்வது? அதற்கு 696: "குறிப்பறிந்து காலங் கருதி வெறுப்பில வேண்டுப வேட்பச் சொலல்." முகக்குறிப்பைப் பார், நேரத்தைப் பார், வெறுப்பானதை விடு, தேவையானதை அவர் கேட்க விரும்பும்படி சொல். இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொள்ள வேண்டும். 696 மட்டும் தெரிந்தவர்கள் காலம் கருதிக் கருதியே ஒன்பது நாளைக் கடத்திவிடுகிறார்கள், நான் செய்ததுபோல. 638 மட்டும் தெரிந்தவர்கள் எல்லார் முன்னாலும் முதலாளி முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டு, நான் உண்மையைத்தானே சொன்னேன் என்கிறார்கள். பரிமேலழகர் உரை கடினமாக இருந்தால் மு. வரதராசனார் உரையோடு படியுங்கள்.

அடுத்தது கேட்பது. உங்கள் மனைவி சொன்ன வாக்கியத்தில் 'பேசத் தெரியல' என்று இருந்தாலும், என் அனுபவத்தில் அது பெரும்பாலும் கேட்கத் தெரியவில்லை என்பதற்கு மறுபெயர். இதற்கு நான் கொடுப்பது ஒரு சிறு வெளியீடு. உளவியலாளர் கார்ல் ராஜர்ஸும் ரிச்சர்ட் ஃபார்சனும் 1957இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தொழிலுறவு மையத்துக்காக எழுதிய 'ஆக்டிவ் லிசனிங்'. ஒரே மாலையில் படித்து முடிக்கலாம். அதில் ஒரு உதாரணம் வருகிறது. ஒரு தொழிலாளி ஃபோர்மேனிடம் வந்து "அந்த லேத் வேலை முடிந்தது" என்கிறார். இன்னொருவர் "ஒருவழியாக அந்தப் பாழாய்ப்போன லேத் வேலை முடிந்தது" என்கிறார். செய்தி ஒன்றுதான், அடியில் இருப்பது ஒன்றல்ல. முதல் ஆளுக்கு அடுத்த வேலையைக் கொடுக்கலாம். இரண்டாவது ஆளிடம் அடுத்த வேலையை நீட்டுவதற்கு முன் "ரொம்பப் படுத்திடுச்சோ?" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். தையல் லைனில் "முடிச்சாச்சுங்க"வுக்கும் "ஒருவழியா முடிச்சாச்சுங்க"வுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை அந்த வெளியீடு படித்த பிறகுதான் நான் கவனிக்க ஆரம்பித்தேன். வீட்டில் இது இன்னும் முக்கியம். சாயங்காலம் மனைவி அலுவலகத்திலோ அடுக்களையிலோ நடந்ததைச் சொல்லும்போது நம்மில் பலர் உடனே தீர்வு சொல்லிவிடுகிறோம். "அப்படின்னா அவங்ககிட்ட பேசாத, விட்டுடு." அவர் தீர்வு கேட்கவில்லை. அன்றைய களைப்பை ஒருவர் காதில் இறக்கிவைக்க வந்தார்.

டேல் கார்னகியின் 'ஹவ் டு வின் ஃபிரண்ட்ஸ் அண்ட் இன்ஃப்ளுயன்ஸ் பீப்பிள்' பற்றி எல்லோரும் கேட்பார்கள், நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். படியுங்கள். 1936இல் வந்த புத்தகம். அவர் 1912 முதல் நியூயார்க்கில் ஒய்.எம்.சி.ஏ.வில் மாலை வகுப்பில் மேடைப்பேச்சு சொல்லிக்கொடுத்தவர். அந்த வகுப்புகளிலிருந்து திரண்டதுதான் புத்தகம். அதனால் அதில் கோட்பாடு குறைவு, நடந்த கதை அதிகம். அதன் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான். ஒவ்வொரு கதையிலும் அவர் சொன்னபடி செய்தவர் ஜெயிக்கிறார். செய்தும் தோற்றவர்களின் கதை அதில் இடம்பெறவில்லை. ஆனால் ஒரு கதைக்காகவே அந்தப் புத்தகத்தை வாங்கலாம். 1863 ஜூலையில், கெட்டிஸ்பர்க் போருக்குப் பிறகு, பின்வாங்கிய எதிரிப் படையைத் தளபதி மீட் தப்பவிட்டுவிட்டார் என்று ஆபிரகாம் லிங்கன் கொதித்துப்போய் ஒரு கடிதம் எழுதினார். அதை அனுப்பவில்லை. அவர் இறந்த பிறகு அவருடைய தாள்களுக்கு நடுவில் கிடைத்தது. என் மெர்ச்சண்டைசர்களிடம் நான் சொல்வது இதையேதான்: கோபமான மெயிலை எழுதுங்கள், முழுக்க எழுதுங்கள், ஆனால் 'பெறுநர்' இடத்தில் முகவரியைப் போடாதீர்கள். மறுநாள் காலையில் படித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். முகவரியே இல்லாவிட்டால் கை தவறியும் மெயில் போகாது.

கார்னகி நம் ஊருக்கு அப்படியே பொருந்தாத இடமும் உண்டு. எதிரில் இருப்பவரின் பெயரைச் சொல்லிப் பேசு, ஒருவருக்குத் தன் பெயரைவிட இனிய ஒலி இல்லை என்பார். அமெரிக்காவில் அது சரி. இங்கே உங்களைவிடப் பதினைந்து வயது மூத்த செக்கிங் சூப்பர்வைசரைப் பெயர் சொல்லி அழைத்துப் பாருங்கள், அன்றோடு அவர் உங்களிடம் மனம்விட்டுப் பேசுவதை நிறுத்திவிடுவார். அந்த வேலையைத் தமிழில் 'அண்ணா'வும் 'அக்கா'வும் 'ஐயா'வும் செய்கின்றன. எங்கள் கொங்குப் பக்கத்தில் ஒவ்வொரு சொல்லின் வாலிலும் வருகிற 'ங்க' செய்கிறது. கார்னகி சொல்ல வந்தது, நீ எனக்கு முக்கியம் என்பதை எதிரில் இருப்பவர் உணர வேண்டும் என்பது. பெயருக்குப் பதில், போன வாரம் அவர் மகளுக்குப் பரீட்சை என்று சொன்னது உங்களுக்கு நினைவிருக்கிறதா என்பதுதான் இங்கே கணக்கு. அப்புறம், கிடைத்தால் 1981க்கு முந்தைய பதிப்பையும் பாருங்கள். திருத்திய பதிப்பில், குடும்ப வாழ்க்கையைப் பற்றிய பகுதியையும் கடிதங்கள் பற்றிய பகுதியையும் எடுத்துவிட்டார்கள்.

எழுத்துக்கு இரண்டு பேர். உங்கள் அதிகாரி குறை சொன்னது மெயிலையும் ரிப்போர்ட்டையும் என்றால் இவர்களைத்தான் முதலில் படிக்க வேண்டும். ஒருவர் பார்பரா மின்டோ. 1960களில் மெக்கின்சி நிறுவனத்தில் சேர்ந்து, அங்கே ஆலோசகர்கள் எழுதும் அறிக்கைகளைச் சீர்செய்யக் கற்றுக்கொடுத்தவர். அவருடைய 'பிரமிட் பிரின்சிபிள்' சொல்வது எளிது: முடிவை முதலில் சொல், காரணங்களை அதற்குக் கீழே அடுக்கு. நாம் செய்வது தலைகீழ். திங்கட்கிழமை நடந்தது, செவ்வாய்க்கிழமை நடந்தது என்று நடந்த வரிசையில் எழுதிக்கொண்டே போய், ஐந்தாவது பத்தியில் "எனவே ஷிப்மெண்ட் ஒரு வாரம் தள்ளிப்போகும்" என்போம். படிப்பவர் இரண்டாவது பத்தியிலேயே அடுத்த மெயிலுக்குப் போயிருப்பார். கம்பனின் அனுமன் இதைத்தான் செய்தான். பட்டிமன்றங்களில் பலமுறை கேட்டதுதான், ஆனாலும் இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. இலங்கையிலிருந்து திரும்பி ராமன் முன் நின்றவன் எடுத்த எடுப்பில் சொன்னது "கண்டனென், கற்பினுக்கு அணியை, கண்களால்." கடலைத் தாண்டியதும் ஊரை எரித்ததும் பிறகு. கேட்பவருக்கு எது தெரிந்தால் மூச்சு வருமோ அது முதல் சொல். மின்டோவின் புத்தகம் பிற்பாதியில் கனமாகிவிடுகிறது. முதல் சில அதிகாரங்களைப் படித்துவிட்டு மூடிவைத்தாலும் பெரிய நட்டமில்லை.

இன்னொருவர் சர் எர்னஸ்ட் கவர்ஸ். பிரிட்டிஷ் அரசு ஊழியர்கள் புரியும்படி எழுத வேண்டும் என்பதற்காக அந்நாட்டு நிதித்துறை கேட்டுக்கொண்டதன் பேரில் 1948இல் 'ப்ளெயின் வேர்ட்ஸ்' எழுதினார். 1954இல் அதன் விரிவான பதிப்பு வந்தது. இந்தப் புத்தகம் நமக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தேவை என்பது என் எண்ணம். "வித் ரெஃபரன்ஸ் டு தி அபவ் சப்ஜெக்ட்", "ப்ளீஸ் டூ தி நீட்ஃபுல்" என்று நாம் இன்றும் எழுதும் அலுவலக ஆங்கிலம் பிரிட்டிஷ் காலத்து அரசு அலுவலகக் கடிதங்களின் வாரிசு. அதை உண்டாக்கிய ஊரிலேயே எழுபது வருடத்துக்கு முன்பே இது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நாம்தான் இன்னும் விடவில்லை. 'நீட்ஃபுல்' என்று எழுதுகிற இடத்தில் எதைச் செய்ய வேண்டும், யார், எந்தத் தேதிக்குள் என்று எழுதிப் பாருங்கள். ஒரே வாரத்தில் திரும்பக் கேட்டு வருகிற மெயில்கள் குறைவதைக் காண்பீர்கள்.

பேரம், ஒப்பந்தம், கேட்டு வாங்குவது உங்கள் சிக்கல் என்றால் ரோஜர் ஃபிஷரும் வில்லியம் யூரியும் 1981இல் எழுதிய 'கெட்டிங் டு யெஸ்'. ஒருவர் எதைக் கேட்கிறார் என்பது வேறு, ஏன் கேட்கிறார் என்பது வேறு என்பதுதான் அதன் அச்சாணி. ஒரே ஆரஞ்சுப் பழத்துக்குச் சண்டை போடுகிறவர்கள் பாதிப் பாதியாக வெட்டிக்கொள்கிறார்கள். ஒருவருக்கு வேண்டியது சுளை, இன்னொருவருக்குக் கேக்கில் போடத் தோல். ஏன் வேண்டும் என்று கேட்டிருந்தால் இருவருக்குமே முழுசாகக் கிடைத்திருக்கும். 1978 கேம்ப் டேவிட் பேச்சில் சினாய் நிலப்பரப்பு முழுக்க எகிப்துக்குத் திரும்பியதும், அங்கே பெரும்பகுதியில் ராணுவம் நிற்காது என்று இஸ்ரேலுக்கு உறுதி கிடைத்ததும் இந்த வழியில்தான் என்று விளக்குகிறார்கள். எங்கள் ஊர் உதாரணம் சொல்கிறேன். கூலிக்கு வேலை செய்துகொடுக்கும் ஒரு ஜாப் ஒர்க் யூனிட்காரர் முழுப் பணத்தையும் முன்னாடியே வைத்தால்தான் துணியை இறக்குவேன் என்று நின்றார். எங்கள் அலுவலகத்தில் முடியாது என்று நின்றார்கள். இரண்டு நாள் இழுத்தது. ஏனுங்கண்ணா, எதுக்கு மொத்தமா வேணும் என்று கேட்டபோது, சனிக்கிழமை ஆள்களுக்குச் சம்பளம் போட வேண்டும், போன பார்ட்டி ஏமாற்றிவிட்டான் என்றார். வெள்ளிக்கிழமைதோறும் முடிந்த வேலைக்குப் பணம் என்று பேசி அரைமணி நேரத்தில் முடிந்தது. அந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருக்கலாம். இந்தப் புத்தகத்தின் எல்லை, எதிரில் இருப்பவரும் ஓரளவு நியாயமானவராக இருக்க வேண்டும் என்பது. ஏமாற்றவே வந்தவரிடம் ஏன் என்று கேட்டு என்ன பயன்? அதற்கும் அவர்கள் ஒரு வழி சொல்கிறார்கள்: பேச்சு முறிந்தால் உனக்கு இருக்கும் அடுத்த சிறந்த வழி எது என்பதைப் பேச உட்காருவதற்கு முன்பே தெரிந்து வைத்துக்கொள். இது ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டாலே விலை கொடுத்தது வீண் போகாது.

வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் சேர்த்து ஒரே புத்தகம் என்று நீங்கள் வற்புறுத்தினால், நான் கொடுப்பது டக்ளஸ் ஸ்டோன், ப்ரூஸ் பேட்டன், ஷீலா ஹீன் மூவரும் 1999இல் எழுதிய 'டிஃபிகல்ட் கான்வர்சேஷன்ஸ்'. கடினமான ஒவ்வொரு பேச்சுக்குள்ளும் மூன்று பேச்சு நடக்கிறது என்கிறார்கள். என்ன நடந்தது என்பது ஒன்று. இதில் யாருக்கு என்ன மனவருத்தம் என்பது இன்னொன்று. இது என்னை எப்படிப்பட்ட ஆளாகக் காட்டுகிறது என்பது மூன்றாவது. நாம் முதலாவதைப் பற்றியே கத்திக்கொண்டிருப்போம், உள்ளே எரிவது மூன்றாவதாக இருக்கும். மகன் மதிப்பெண் குறைந்ததற்கு அப்பா கத்துகிறார் என்றால், கணக்கில் 62 என்பதா அங்கே விஷயம்? 'நான் நல்ல அப்பா இல்லையோ' என்ற பயம்தான் கத்துகிறது. பையருக்கு நான் ஒன்பது நாள் உண்மையைச் சொல்லாததும் இந்த மூன்றாவதால்தான். ஷேடு போனதைச் சொன்னால் நான் திறமையில்லாதவன் ஆகிவிடுவேன் என்று நினைத்தேன். புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் படித்தபோது 2004 அப்படியே கண்முன் வந்தது.

மார்ஷல் ரோசன்பெர்க்கின் 'நான்வயலன்ட் கம்யூனிகேஷன்' இதே திசையில் இன்னும் ஆழமாகப் போகிறது. பார்த்ததைச் சொல், தோன்றிய உணர்வைச் சொல், அதன் பின்னால் இருக்கும் தேவையைச் சொல், பிறகு தெளிவாக ஒன்றைக் கேள் என்று நான்கு படி. இதில் முதல் படியை நான் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைப்பேன். "நீ எப்பவுமே லேட்டு" என்பது தீர்ப்பு. "இந்த வாரம் மூணு நாள் ஒன்பதரைக்கு வந்தே" என்பது பார்த்தது. தீர்ப்பைச் சொன்னால் எதிராளி மறுப்பார், பார்த்ததைச் சொன்னால் காரணத்தைச் சொல்வார். ஆனால் நான்கு படியையும் அப்படியே தமிழில் பேசினால் வாய்க்கு வராது. "எனக்கு மரியாதை என்ற தேவை நிறைவேறாததால் வருத்தமாக உணர்கிறேன்" என்று எந்த வீட்டிலும் யாரும் பேசுவதில்லை, பேசினால் எதிரில் இருப்பவர் உங்களுக்கு உடம்பு சரியில்லையா என்று பார்ப்பார். "எனக்குக் கஷ்டமா இருக்கு, கொஞ்சம் சீக்கிரம் வர முடியுமா?" என்பதில் நான்கும் அடங்கிவிடும். படியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வாயில் உங்கள் வீட்டுத் தமிழே இருக்கட்டும்.

வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு பேசுகிற வேலை என்றால் எரின் மேயர் 2014இல் எழுதிய 'தி கல்ச்சர் மேப்' உதவும். நாம் "பார்க்கலாம்ங்க" என்று சொன்னால் அது அநேகமாக முடியாது என்பது நம்மவருக்குத் தெரியும். அதையே நெதர்லாந்துக்காரரிடம் ஆங்கிலத்தில் சொன்னால் அவர் செய்வதாக ஒப்புக்கொண்டதாகக் குறித்துக்கொள்வார். இதை விளக்குவதில் அது நல்ல புத்தகம். ஒரு நாட்டின் பொதுப் போக்கைச் சொல்கிறதே தவிர, உங்கள் எதிரில் இருக்கும் தனி மனிதரைச் சொல்லவில்லை என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

இனி, எதை நம்பலாம், எதை நம்ப வேண்டாம் என்பது. பயிற்சி வகுப்புகளில் தவறாமல் வருகிற ஒரு கணக்கு இருக்கிறது: பேச்சில் சொல்லுக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55. இதை நம்பாதீர்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட இரண்டு சிறு ஆய்வுகளிலிருந்து எடுத்த எண்கள் அவை. ஒற்றைச் சொல்லை வெவ்வேறு தொனியில் ஒலிக்கவிட்டு, முகப்படத்தைக் காட்டி, பேசுபவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று கேட்டார்கள். உணர்ச்சியும் மனப்பாங்கும் வெளிப்படும் பேச்சுக்கு மட்டுமே இது பொருந்தும் என்று மெஹ்ராபியனே சொல்லியிருக்கிறார். ஜி.எஸ்.டி. கணக்கை விளக்கும்போது சொல்லுக்கு 7 சதவீதம்தான் என்றால் யாருக்காவது புரியுமா? அதேபோல, இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து நின்றால் உடம்பின் ஹார்மோனே மாறி தைரியம் வரும் என்ற 2010 ஆய்வு. 42 பேரை வைத்துச் செய்தது. 2015இல் 200 பேரை வைத்து வேறு குழு செய்தபோது அந்த ஹார்மோன் மாற்றம் வரவில்லை. அந்த முதல் கட்டுரையை எழுதிய மூவரில் டேனா கார்னி, இந்த விளைவு உண்மை என்று தான் இனி நம்பவில்லை என்று 2016இல் எழுதிவிட்டார். நேராக நிற்பது நல்லதுதான், அதற்கு மேல் அதில் எதிர்பார்க்க வேண்டாம்.

நம்பலாம் என்று நான் நினைப்பது இரண்டு. 1990இல் ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் செய்த சோதனையில், சிலர் தெரிந்த பாட்டின் தாளத்தை மேசையில் தட்ட வேண்டும், மற்றவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். தட்டியவர்கள் பாதியளவு கண்டுபிடிப்பார்கள் என்று நினைத்தார்கள். 120 பாட்டில் கண்டுபிடித்தது 3. தட்டுகிறவர் மனதுக்குள் முழுப் பாட்டும் ஓடுகிறது, கேட்பவருக்கு வெறும் டக்டக். இன்று ராத்திரி வீட்டில் ஒரு இளையராஜா பாட்டைத் தட்டிப் பாருங்கள், பிள்ளைகளுக்கும் பிடிக்கும். அப்புறம் உங்கள் டீமுக்கு நீங்கள் கொடுக்கும் கட்டளைகளை அதோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள். இரண்டாவது, 2005இல் ஜஸ்டின் க்ரூகரும் நிக்கலஸ் எப்லியும் சகாக்களும் மின்னஞ்சலில் தொனி பற்றிச் செய்தது. தாங்கள் எழுதியது கிண்டலா நிஜமா என்று படிப்பவர் 78 சதவீதம் சரியாகக் கண்டுபிடிப்பார் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். கண்டுபிடித்தது 56. நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேல். எனவே மனத்தாங்கல் வரக்கூடிய விஷயத்தை வாட்ஸ்அப்பில் எழுதாதீர்கள், போன் செய்யுங்கள்.

எப்படிப் படிப்பது என்பதிலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. இவ்வளவையும் வாங்காதீர்கள். ஒரு புத்தகம், அதிலிருந்து ஒரே ஒரு பழக்கம், மூன்று மாதம். வாரக் கடைசியில் ஒரு நோட்டில் இரண்டு வரி: எந்தப் பேச்சில் செய்தேன், என்ன நடந்தது. வகுப்பில் நோட்டு எழுதியவர்களிடம்தான் ஆறு மாதம் கழித்தும் மாற்றத்தைப் பார்த்திருக்கிறேன். வெறும் வாசிப்பால் மாறியவர்கள் மிகச் சிலர். மேடையில் நடுக்கம் என்றால் புத்தகத்தை விட்டுவிட்டு டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்பில் சேருங்கள். ரால்ஃப் ஸ்மெட்லி 1924இல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது, சென்னை, கோவை உட்பட இங்கும் கிளப்புகள் உண்டு. திடீரென ஒரு தலைப்பைக் கொடுத்து ஓரிரண்டு நிமிடம் பேசவைப்பார்கள். பத்து முறை அப்படி நின்று பேசினால் கிடைப்பது எந்தப் பக்கத்திலும் கிடைக்காது.

புத்தகத்தாலும் என் போன்றவர்களாலும் ஆகாத இடங்களையும் சொல்ல வேண்டும். திக்குவாய் இருந்தால் பேச்சுப் பயிற்சி மருத்துவரிடம் போங்கள். நாலு பேர் முன் போக வேண்டும் என்று நினைத்தாலே தூக்கம் போகிறது, அதனால் வேலைக்கே போகாமல் இருந்துவிடுகிறீர்கள் என்றால் அது மனநல மருத்துவரோ உளவியலாளரோ பார்க்க வேண்டியது, அதற்குச் சிகிச்சை இருக்கிறது. உண்மையைச் சொன்னவரைத் தண்டிக்கும் அலுவலகத்தில் எந்த உத்தியும் எடுபடாது. அங்கே மாற வேண்டியது உங்கள் பேச்சு அல்ல. என் அனுபவம் முழுக்க ஆடை ஏற்றுமதியைச் சார்ந்தது என்பதையும் கணக்கில் வையுங்கள். நோயாளியிடம் பேசும் மருத்துவருக்கும் வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்கும் இந்த வரிசை மாறும்.

இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். அப்ரைசல் செய்தவரிடம் போய், "சார், கம்யூனிகேஷன் போதாதுன்னு சொன்னீங்க. கடைசியா உங்களுக்கு அப்படித் தோணினது எந்த இடத்துலன்னு ஒண்ணு சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள். அவர் சொல்லும்போது மறுக்காமல், விளக்கம் கொடுக்காமல், எழுதிக்கொள்ளுங்கள். அதே கேள்வியை வீட்டிலும் கேளுங்கள், அங்கே நோட்டும் பேனாவும் வேண்டாம். அலுவலகத்தில் வந்த பதில் மெயில் பற்றியது என்றால் மின்டோ. சொல்லாமல் விட்டது பற்றியது என்றால் அமைச்சியல். வீட்டில் வரும் பதில் எதுவாக இருந்தாலும் ராஜர்ஸ்-ஃபார்சனின் அந்தச் சிறு வெளியீட்டிலிருந்து தொடங்குங்கள். கிடைத்த பதில்களை இங்கே எழுதினால், அதற்குமேல் எது என்று யோசித்துச் சொல்கிறேன்.